கண்மாயின் வரலாறும் மடை திறந்தவரின் வரலாறும்

எங்கள் பங்கைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கல்லூரியில் முதுகலை வரலாறு பயின்று வருகிறார். சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் ஊருக்கு வந்தவர், ஆய்வேட்டுக்குத் தலைப்பு ஒன்று வேண்டும் என்று பங்கு இல்லத்திற்கு வந்தார். தம் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுத வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஆனால் கல்லூரியில், "கண்மாய் பொறியியலாருக்கு உரியது, பயிர் வேளாண்மைக் கல்லூரிக்கு உரியது, வரலாற்று மாணவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டுவிட்டார்களாம். வேறு தலைப்பாக ஓர் அரச மரபின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வியப்பு எழவில்லை. நம் வரலாற்றுப் பாடத்திட்டங்களில் உழவு, நிலவரி என்ற வாயில் வழியாகவே பெரும்பாலும் உள்ளே வருகிறது. இரயத்துவாரி எது, ஜமீன்தாரி எது, எந்த ஆண்டில் எந்த ஆளுநர் எதை நடைமுறைப்படுத்தினார் என்பவை தேர்வுக்கு உரியவை. மழை, மண், வரத்துக்கால், மடை ஆகியவையோ வரலாற்றுக்கு வெளியே, என்றும் மாறாத இயற்கை போலக் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. அவற்றுள் ஒன்றுகூடத் தானாகத் தோன்றியதன்று. ஒவ்வொன்றின் கரைக்கும் மண் சுமந்த மனிதர் உண்டு. சுமக்கச் சொன்ன மனிதரும் உண்டு. இவ்விருவருக்கும் இடையே இருந்த உறவு வரலாறு இல்லையென்றால் வேறு எதுதான் வரலாறு?

அம்மாணவருக்கு மூன்று ஆங்கில நூல்களைக் கொடுத்தனுப்பினேன். பின்னர் நானும் அவற்றை மீண்டும் படித்தேன். அந்த வாசிப்பில் எழுந்த சில எண்ணங்களை இங்கே வாசகர் முன் வைக்கிறேன்.

மூன்று நூல்கள்

முதலாவது, டேவிட் லட்டன் எழுதி 1985இல் வெளிவந்த 'பெசன்ட் ஹிஸ்டரி இன் சவுத் இந்தியா'. திருநெல்வேலிச் சீமையின் உழவர் வரலாறு இது. அரசர்களின் பட்டியலிலிருந்து தொடங்காமல், நீரின் நிலைமையிலிருந்து தொடங்குகிறார் ஆசிரியர். தாமிரபரணி பாயும் நன்செய்ப் பகுதி, மழையை மட்டும் நம்பிய புன்செய்ப் பகுதி, குளங்களை நம்பிய இடைப்பட்ட பகுதி என நாட்டை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார். ஒவ்வொன்றிலும் யார் குடியேறினர், நிலம் யார் கையில் இருந்தது, உழைப்பு யாருடையது என்று நூற்றாண்டுகளின் ஊடே தேடிச் செல்கிறார். ஆற்றங்கரையில் பிராமணரும் வேளாளரும் நிலவுடைமையாளராக அமர, சேற்றில் இறங்கியவர் பள்ளர் சமூகத்தார். நீர் நிலையாகக் கிடைத்த இடத்திலேதான் உடையவனுக்கும் உழைப்பவனுக்கும் இடையிலான பிளவு மிக ஆழமாக வேரூன்றியது என்பது இந்நூலைப் படிப்பவர் எளிதில் மறக்க இயலாத செய்தி.

இரண்டாவது, புது டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 1997இல் வெளியிட்ட 'டையிங் விஸ்டம்'. 'மறைந்துவரும் அறிவு' என்று இதன் தலைப்பைத் தமிழாக்கலாம். அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் பதிப்பித்தது. இமயமலையின் வாய்க்கால்கள், இராசத்தானத்தின் மழைநீர்த் தொட்டிகள், பீகாரின் ஆகர்கள், நம் ஏரிகள் என்று இந்நாட்டு மக்கள் மழைநீரைச் சேமித்த வழிகளையெல்லாம் வட்டாரம் வட்டாரமாகத் தொகுத்துத் தரும் பெருநூல். பெரிய அணைகளே வளர்ச்சி என்று எண்ணியிருந்த ஒரு தலைமுறைக்கு, சிறிய குளத்தின் மேன்மையை எடுத்துச் சொன்ன நூல் அது. அதற்காக நாம் அதற்குக் கடன்பட்டிருக்கிறோம்.

மூன்றாவது, டேவிட் மோஸ் என்னும் மானிடவியலாளர் 2003இல் வெளியிட்ட 'தி ரூல் ஆஃப் வாட்டர்'. 'நீரின் ஆட்சி' எனலாம். இது நம் பகுதியைப் பற்றியது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்களே இதன் களம். ஆசிரியர் 1980களின் தொடக்கத்தில் இராமநாதபுரம் பகுதியின் சிற்றூர் ஒன்றில் தங்கி, இந்துக்களும் கத்தோலிக்கரும் கலந்து வாழும் வாழ்க்கையை ஆராய்ந்தவர். அந்த ஆய்விலிருந்து 2012இல் மற்றொரு நூலையும் வெளியிட்டார்.

ஒரே கண்மாய், இரு கதைகள்

இரண்டாவது நூலையும் மூன்றாவது நூலையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரு தடுமாற்றம் ஏற்படும். இரண்டும் ஒரே கண்மாயைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்ற ஐயம் எழும்.

'டையிங் விஸ்டம்' சொல்லும் கதையை நாம் அனைவரும் அறிவோம். முன்பு ஊர் மக்கள் ஒன்றுகூடிக் குளத்தைத் தூர்வாரினர், கரையைக் காத்தனர், நீரைப் பகிர்ந்துகொண்டனர். அந்நிய ஆட்சி வந்தது, குளங்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, ஊர் கைவிட்டது, குளம் அழிந்தது. ஆகவே குளத்தை மீண்டும் ஊரிடம் ஒப்படையுங்கள் என்பது அதன் முடிவு.

மோஸ் இக்கதையை ஏற்கவில்லை. அவர் காட்டும் கண்மாய் ஆட்சியோடு பிணைந்தது. சேதுபதிகளும் பாளையக்காரர்களும் கண்மாய் வெட்டியது உழவுக்காக மட்டுமன்று. அது கொடை, அது புகழ், அது தங்கள் மேலாண்மையின் அடையாளம். தலைவன் வலுவாக இருந்தபோது கண்மாய் திருத்தம் பெற்றது. போரும் பூசலும் வந்தபோது உடைந்து கிடந்தது. எந்தக் காலத்திலும் குறையின்றி நடந்த ஒரு பொற்காலம் இருந்ததற்குச் சான்று இல்லை என்கிறார். 1803இல் நிலையான தீர்வையின் கீழ் இராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாயின. அதன்பின் கடனிலும் வழக்கிலும் மூழ்கிய ஜமீன்களில் கண்மாய்கள் எவ்வாறு சீர்கெட்டன என்பதையும், மேல்கண்மாய்க்கும் கீழ்கண்மாய்க்கும் இடையிலான தகராறுகள் நீதிமன்றங்களுக்கு எவ்வாறு ஏறின என்பதையும் விரிவாக எழுதுகிறார்.

அவர் கூறுவனவற்றுள் நம்மை மிகவும் நிறுத்திச் சிந்திக்க வைப்பது குடிமராமத்து பற்றியது. ஊரார் தாமாக முன்வந்து செய்த திருப்பணி என்று நாம் போற்றும் அச்சொல், 19ஆம் நூற்றாண்டு அதிகாரிகளின் கோப்புகளில் ஒரு பழைய மரபாக உருப்பெற்றது. பராமரிப்புச் செலவைக் குடிகளின் தலையில் ஏற்றுவதற்கு அது அரசுக்கு உதவியது என்பது அவர் வாதம். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். கரை உடையும் நேரத்தில் ஆட்களைக் கட்டாயமாக அழைக்கவும், வழக்கமான மராமத்து வேலைக்கு வராதவரிடம் தண்டம் பெறவும் வழிசெய்த சட்டம் அது. எல்லாரும் மனமுவந்து செய்த வேலையென்றால் அதற்கு ஒரு சட்டம் எதற்கு?

குருமடத்தில் விவிலியம் கற்பித்த ஆசிரியர்கள் எங்களுக்கு ஒரு பயிற்சி தருவார்கள். தாவீது அரசரின் வாழ்வைச் சாமுவேல் நூலிலும் குறிப்பேட்டு நூலிலும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். சாமுவேல் நூலில் பத்சேபாவின் நிகழ்ச்சி முழுமையாக உண்டு; குறிப்பேட்டு நூலில் அது அறவே இல்லை. நாடு இழந்து திரும்பிய மக்களுக்கு நம்பிக்கையூட்ட எழுந்த நூலில், மூதாதையின் குற்றம் விடுபட்டுப்போகிறது. எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை விட்டுவிட்டார் என்று கேட்கக் கற்றது அங்கேதான். 'டையிங் விஸ்டம்' குறிப்பேட்டைப் போன்றது. இழந்துவிட்ட மக்களுக்கு உன்னிடமும் பெருமை இருந்தது என்று சொல்ல எழுந்தது. அதன் நோக்கம் உயர்ந்தது. ஆனால் 'சமூகம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அது ஊர் முழுவதையும் அடக்கிவிடுகிறது. கரையில் குடை பிடித்து நின்றவரும் சேற்றில் கூடை சுமந்தவரும் அச்சொல்லுக்குள் ஒருவராகிவிடுகின்றனர்.

இது புதிய பழக்கமும் அன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பயிலாத வரலாற்று மாணவர் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. குடவோலை முறையும் ஏரி வாரியமும் மக்களாட்சியின் முன்னோடிகள் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் வாரியத்தில் இடம் பெறுபவருக்குப் பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறை ஓதிய அறிவும் வேண்டும் என்று அதே கல்வெட்டு கூறுகிறது. அந்த ஏரியில் மண் அள்ளியவர்களுள் எத்தனை பேருக்குக் கால் வேலி நிலம் இருந்திருக்கும்? இந்த ஒரு கேள்வியை வகுப்பில் கேட்டால் போதும். பாடம் உயிர் பெறும்.

மோஸ் விட்டுவிட்டது

அப்படியானால் மோஸ் நூலை முழுதும் ஏற்று மற்றதைத் தள்ளிவிடலாமா? அதற்கும் என் மனம் ஒப்பவில்லை.

அவர் நூலின் மிகச் சிறந்த பகுதி நீர்பாய்ச்சிகளைப் பற்றியது. செம்மண் நிலமான மேற்பகுதி ஊர்களில் நீர்ப்பங்கீட்டு ஒழுங்குகள் இறுக்கமாகவும், கரிசல் நிலமான கீழ்ப்பகுதி ஊர்களில் அவை தளர்ந்தும் இருப்பதை அவர் கண்டு காட்டுகிறார். நீர் குறையும் காலத்தில் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதை ஊர் நியமித்த நீர்பாய்ச்சி முடிவு செய்கிறார். அவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தப் பணி அவருக்குக் கூலியும் தந்தது. அவர் தாழ்ந்தவர் என்ற முத்திரையையும் தந்தது. அதனால்தான் பல ஊர்களில் அச்சமூகத்தார் அப்பணியை உதறினர். ஊர் ஒழுங்கு குலைந்தது என்று ஒரு சாரார் வருந்திய அதே நிகழ்ச்சி, மற்றொரு சாராருக்கு விடுதலையாக இருந்தது. இந்த உண்மையை இவ்வளவு தெளிவாக நான் வேறு எங்கும் படித்ததில்லை.

ஆயினும், எதிலும் அதிகாரத்தையே தேடும் கண்ணுக்கு அறிவு சற்றுக் குறைவாகவே புலப்படுகிறது என்பது என் கருத்து. மடை திறந்தவரின் கையில் இருந்தது அடிமைத்தனத்தின் அடையாளம் மட்டும்தானா? எந்த வயல் தாகித்திருக்கிறது, எது இரண்டு நாள் தாங்கும், காற்று எப்படி அடித்தால் கரையின் எந்த இடம் அரிக்கும் என்பதெல்லாம் ஒரு கல்வியன்றோ? 2021இல் சட்டத்தாலும் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரை ஏற்கச் செய்த மக்கள், நீர் மேலாண்மையில் தங்கள் முன்னோர் கொண்டிருந்த தேர்ச்சியைப் பெருமையாகவே எடுத்துரைக்கின்றனர். அந்தப் பெருமையும் வரலாற்றின் பகுதியே. இழிவை நீக்குவதற்காக அறிவையும் சேர்த்து நீக்கிவிட்டால், பறிகொடுத்தவனிடமே மீண்டும் பறித்ததாகாதா?

இதை எண்ணும்போது நம் பள்ளு இலக்கியம் நினைவுக்கு வருகிறது. முக்கூடற்பள்ளில் மழை வருகிறது, ஆறு பெருகுகிறது, நெல்வகைகளும் மாட்டுவகைகளும் வரிசையாகப் பெயர் சொல்லி வருகின்றன. உழவனின் அறிவுக்கு அதைவிடச் சிறந்த சான்றேட்டைக் காண்பது அரிது. அதே நூலில் பண்ணைக்காரன் உழவனைத் தொழுவில் மாட்டி வதைப்பதும் வருகிறது. புரவலர் மகிழ எழுந்த இலக்கியம் ஆதலால் அந்த வதையும் வேடிக்கையாகவே பாடப்படுகிறது. ஆயினும் வெள்ளத்தின் மகிழ்ச்சியும் தொழுமரத்தின் வலியும் ஒரே ஏட்டில் இருக்கின்றன. நம் காலத்து நூல்களில் ஒன்று வெள்ளத்தை எடுத்துக்கொண்டது. மற்றொன்று தொழுமரத்தை எடுத்துக்கொண்டது. வரலாற்றுத் துறையார் பள்ளு தமிழ்த்துறைக்கு உரியது என்று விட்டுவிட்டனர். தமிழ்த்துறையார் நெல்லின் பெயர்கள் வேளாண்துறைக்கு உரியவை என்று விட்டுவிட்டனர். இவ்வாறு துறைகளுக்கு இடையே விழுந்து கிடப்பது ஓர் உழவனின் வாழ்க்கை.

மற்றொரு சான்றும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறவர் நாட்டில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி மார்ட்டின் அடிகளார், இப்பகுதியின் ஏரிகளைக் கண்டு வியந்து தம் நாட்டுக்கு எழுதிய கடிதம் உண்டு. நம் மறைபரப்புக் கடிதங்களை நாம் திருமுழுக்குகளின் எண்ணிக்கைக்காகவும் மறைசாட்சியரின் வரலாற்றுக்காகவும் மட்டுமே புரட்டுகிறோம். மழை, பஞ்சம், ஏரி உடைப்பு ஆகியவற்றுக்கான சான்றேடாக அவற்றைத் தமிழில் யாரேனும் படித்துத் தொகுக்க வேண்டும். பங்குகளில் கிடக்கும் பழைய ஏடுகளுக்கும் இது பொருந்தும்.

பாட்டியின் திருத்தம்

இனி அம்மாணவரிடம் திரும்புகிறேன். கல்லூரி சொன்ன தலைப்பையே எழுதிக்கொண்டு, ஓய்வு நாள்களில் அவர் கண்மாயைப் பற்றியும் குறிப்பெடுத்து வந்தார். ஒருநாள் அவருடன் நானும் போனேன். மடைக்குடும்பராக இருந்து இறந்துபோன ஒருவரின் மனைவியைச் சந்தித்தோம். வயது எண்பதைத் தாண்டியவர். "அந்தக் காலத்தில் ஊரே கூடிக் கண்மாய் வேலை செய்ததாமே பாட்டி?" என்று நான் தொடங்கினேன். நானும் சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் திருப்பலியில் அப்படித்தான் பிரசங்கம் செய்திருந்தேன். 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, பழைய ஒற்றுமை திரும்புகிறது என்று பலிபீடத்திலிருந்து மகிழ்ந்தவன் நான்.

பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஊரு எங்க சாமி கூடுச்சு? நாங்க கூடுனோம். அவுக கரையில நின்னாக. மடையத் திறந்தது எங்க வீட்டுக்காரரு. ஆனா அந்தத் தண்ணி பாய எங்களுக்குன்னு ஒரு செய் கிடையாது. களத்துல கடைசி ஆளா நின்னு நெல்லு வாங்கணும். அப்படி நிக்கக் கூடாதுன்னுதான் பிள்ளைகளைப் படிக்கப் போட்டோம்" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒண்ணு மட்டும் எழுதிக்கப்பா. மடைக்குள்ள தண்ணி போற சத்தத்தைக் கேட்டே, கண்மாய்த் தண்ணி இன்னும் எத்தனை நாளைக்கு வரும்னு அவரு சொல்லிடுவாரு. ஒருநாளும் தப்பினது இல்லை. அதை எவரும் கேட்டு எழுதலையே" என்றார்.

மாணவர் எழுதிக்கொண்டார். நான் எழுதிக்கொள்ளவில்லை, ஆனால் அந்தப் பிரசங்கத்தை இனி அவ்வாறு செய்ய முடியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பெருநூல்கள் தனித்தனியே எடுத்துச் சென்ற பாதிகளை அந்த மூதாட்டி ஒன்றாக வைத்திருந்தார்.

இன்று எதற்கு இது

இவையெல்லாம் பழங்கதை, இன்றைய உழவனுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பாசன மேலாண்மைச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழிசெய்தது. அவற்றில் ஆயக்கட்டில் நிலமுடையவரே உறுப்பினர். கண்மாய் உட்பகுதியில் ஆடு மாடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், வண்டல் அள்ளுபவர், மீன் பிடித்துப் பிழைப்பவர் ஆகியோருக்கு அக்கண்மாயோடு உறவு உண்டு, வாக்கு இல்லை. அவர்களுள் பெண்கள் மிகப் பலர். உத்திரமேரூரில் கால் வேலி கேட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நிலம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். கண்மாயை ஊரிடம் ஒப்படைப்போம் என்று சொல்லுமுன், ஊர் என்பது யார் என்ற கேள்வி முதலில் வர வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பயிற்றுவிப்பது வரலாற்றுத் துறையின் வேலை. அளவைக் கருவியோடு வரும் பொறியாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அவ்வேலையைச் செய்வதற்கான நூல்களோ நம் கிராமத்துக் கல்லூரி மாணவருக்கு எட்டாத மொழியிலும் விலையிலும் இருக்கின்றன. நம் மண்ணைப் பற்றி இவ்வளவு கடும் உழைப்போடு எழுதப்பட்டவை, அம்மண்ணின் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி நூலகங்களில் அரிதாகவே காணக் கிடைக்கின்றன. குறைந்தது சில இயல்களாவது தமிழில் வர வேண்டும். அவற்றோடு மாறுபட்டு எழுதும் தகுதியும் நம் மாணவருக்கு வர வேண்டும். மாறுபடுவதற்குத் தேவையான சான்றுகள் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கின்றன. ஆனால் அந்தத் திண்ணைகளில் அமர்ந்திருப்போர் எண்பதைக் கடந்தவர்கள். பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தைத் திருத்தும்வரை அவர்களுடைய ஆயுள் காத்திருக்காது.

சென்ற மாதம் அம்மாணவர் மீண்டும் வந்தார். ஆய்வேட்டின் தலைப்பை மாற்ற இசைந்துவிட்டார்களாம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டார். மடைக்குள் நீர் போகும் ஒலியிலிருந்து தொடங்கு என்றேன்.